கோல்டன் ரெட்ரீவர் குட்டி வளர வளர நிறம் எப்படி மாறும்? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

8 வாரத்தில் வெண்ணெய் நிறத்தில் வீட்டுக்கு வந்த குட்டி, ஒன்றரை வயதில் தேன் நிறத்தில் நிற்கும். கோல்டன் ரெட்ரீவரை முதன்முறையாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப்போய், "நாங்கள் பார்த்துவிட்டு வந்த குட்டிதானா இது?" என்று பிரீடருக்கு, அதாவது குட்டியை ஈனவைத்து விற்றவருக்கு, போன் போடுவார்கள். வேறு சிலர் சத்துக் குறைவு என்று தாங்களாகவே முடிவுசெய்து, கடையில் கிடைக்கிற சிரப்பையெல்லாம் வாங்கி ஊற்றுவார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் அவசியமே இல்லை. இந்த இனத்தில் குட்டிக்கு ஒரு நிறம், வளர்ந்த நாய்க்கு ஒரு நிறம், வயதான நாய்க்கு இன்னொரு நிறம். ஆனாலும் எல்லா மாற்றத்தையும் "வளர்கிறது, அப்படித்தான்" என்று விட்டுவிட முடியாது. எச்சில் கறை, தோல் தொற்று, தைராய்டு என்று சில விஷயங்களும் நிற மாற்றமாகத்தான் முதலில் கண்ணில் படும். எதை ரசிக்கலாம், எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் வேலை.

எந்தெந்த நிறம் கோல்டன்?

நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப்பின் பதிவுப் படிவத்தில் மூன்று நிறங்கள்தான் உண்டு: லைட் கோல்டன், கோல்டன், டார்க் கோல்டன். இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் பிரிட்டிஷ் தர விதிமுறை வேறு மாதிரி சொல்கிறது: தங்க நிறத்தின் எந்தச் சாயலும் சரி, க்ரீமும் சரி, ஆனால் சிவப்பும் மகோகனி என்கிற அடர் செம்பழுப்பும் கூடாது. அமெரிக்க விதிமுறைக்கோ மிகவும் வெளிறியதும் பிடிக்காது, மிகவும் அடர்ந்ததும் பிடிக்காது. அதே விதிமுறையில் குட்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது: வளர வளர நிறம் கூடும் என்ற அறிகுறி தெரிகிற வெளிர் குட்டிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். குட்டியின் நிறம் மாறும் என்பது விதிமுறை எழுதியவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்.

இந்த நிறச் சண்டை பழையது. இந்த இனம் உருவானது ஸ்காட்லாந்தில், இன்வர்னஸ் நகருக்குத் தென்மேற்கே இருந்த கிசாகன் பண்ணையில். பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜோரிபேங்க்ஸ், 1865-ல் பிரைட்டனில் நௌஸ் என்ற மஞ்சள் நாயை வாங்கினார். அது கறுப்பு ரெட்ரீவர்களுக்குப் பிறந்த மஞ்சள் குட்டி. அதை ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் என்ற இனத்தைச் சேர்ந்த பெல் என்ற நாயோடு சேர்த்ததில், 1868-ல் மஞ்சள் குட்டிகள் பிறந்தன. இன்றைய கோல்டன்களின் வேர் அங்கேதான். ரஷ்ய சர்க்கஸிலிருந்து வாங்கிய நாய்கள் என்று வெகுகாலம் ஒரு கதை ஓடியது. பண்ணையின் இனப்பெருக்கக் குறிப்பேடுகள் 1952-ல் வெளிவந்ததும் அந்தக் கதை அடங்கிவிட்டது. ஆரம்ப காலத்தில் க்ரீம் நிறத்துக்கு மதிப்பே இல்லை. 1936-ல்தான் பிரிட்டிஷ் விதிமுறையில் க்ரீமைச் சேர்த்தார்கள். இன்று அதே க்ரீமுக்குத்தான் கூடுதல் விலை சொல்கிறார்கள்!

கறுப்புப் பெற்றோருக்கு மஞ்சள் குட்டி எப்படி? எம்சி1ஆர் என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என்று அது இரண்டு பக்கமும் வந்துவிட்டால், முடியில் கறுப்பு நிறமி உருவாகாது. மஞ்சள்-சிவப்பு நிறமி மட்டும்தான் உருவாகும். கோல்டன்கள் எல்லாமே இந்த வகை. மூக்கும் கண் ஓரமும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம், இந்த மாற்றம் முடியைத்தான் பாதிக்கிறது, தோலை அல்ல. சரி, எல்லாம் மஞ்சள் நிறமிதான் என்றால் ஒன்று க்ரீமாகவும் ஒன்று செம்பொன்னாகவும் இருப்பது ஏன்? அந்த நிறமி எவ்வளவு அடர்த்தியாக முடியில் படிகிறது என்பதை வேறு பல மரபணுக்கள் கூட்டாகத் தீர்மானிக்கின்றன. ஒரே ஈற்றில் நான்கு விதச் சாயலில் குட்டிகள் கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

குட்டி பார்க்கப் போகும்போது: உடம்பை விடுங்கள், காதைப் பாருங்கள்

கோல்டன் வளர்ப்பவர்கள் காலம்காலமாகக் கையாளும் ஒரே ஒரு எளிய வழி இது. 7, 8 வாரக் குட்டியின் காதைப் பிடித்து, அதிலும் நுனிப் பக்கத்தை, நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடம்பைவிட அது ஒன்றிரண்டு சாயல் அடர்த்தியாக இருக்கும். பெரியதானதும் முதுகும் விலாவும் ஏறக்குறைய அந்த நிறத்துக்குத்தான் வந்து சேரும். உடம்பு வெண்ணெய் நிறம், காது பிஸ்கட் நிறம் என்றால், நாய் பிஸ்கட் நிறமாகும் என்று எதிர்பார்க்கலாம். காதும் உடம்பும் ஒரே வெளிறலாக இருந்தால் அது க்ரீமாகவே நிற்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் குட்டியைப் பதிவு செய்யும்போது எந்த நிறம் என்று எழுதுவதற்கும் பலர் காதைத்தான் பார்ப்பார்கள்.

இது கணிப்புதான், உத்தரவாதம் இல்லை. அதனால் அடுத்ததாகத் தாயைப் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். தாயைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஈன்ற சில மாதங்களில் தாய்க்கு முடி கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சமயத்தில் அவளுடைய நிறமும் அடர்த்தியும் இயல்பாக இருக்காது. அவளுடைய பழைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது வளர்ந்து எப்படி இருக்கின்றன என்ற போட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது. காதைவிடவும் அது பலமான சாட்சி. இரண்டு நடுத்தரத் தங்க நிற நாய்களுக்கு வெளிர் குட்டி பிறப்பது சகஜம். இரண்டு க்ரீம் நாய்களுக்கு அடர் சிவப்புக் குட்டி பிறந்தது என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

"இங்கிலீஷ் க்ரீம்", "ஒயிட் கோல்டன்", "பிளாட்டினம்" என்றெல்லாம் பெயர் சொல்லி விலையை ஏற்றுவார்கள். தனி இனம் எதுவும் இல்லை, எல்லாம் கோல்டன் ரெட்ரீவர்தான். க்ரீம் நாய்க்குப் புற்றுநோய் வராது, ஆயுள் அதிகம் என்று சொல்லி விற்பதையும் நம்ப வேண்டாம். நிறத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. செக்கச்செவேல் என்று இருப்பதை "அபூர்வ ரெட் கோல்டன்" என்று விற்பதும் அதே கதைதான். வேட்டைத் துணைக்காக வளர்க்கும் வம்சங்களில் அடர் நிறம் சாதாரணம். என் கருத்து: நிறத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை, தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா, கண்ணையும் இதயத்தையும் பரிசோதித்திருக்கிறார்களா என்று கேட்டு, ஆம் என்று சான்று காட்டுகிற பிரீடருக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. வெளிர் மஞ்சள் லாப்ரடார் குட்டியும் கோல்டன் குட்டியும் 6 வாரத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். லாப்ரடாருக்கும் அதே எம்சி1ஆர் மாற்றம்தான் மஞ்சள் நிறத்தைத் தருகிறது. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. தாய் தகப்பனைக் கண்ணால் பார்ப்பதும் பதிவுச் சான்றைச் சரிபார்ப்பதும்தான் வழி.

மாதம் மாதமாக என்ன நடக்கும்

பிறந்த குட்டிக்கு மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். முதல் சில வாரங்களில் அது கறுத்துவிடும், பாதமும் கண் ஓரமும் கூடவே கறுக்கும். நீங்கள் வீட்டுக்கு அழைத்து வரும் 8 வாரத்தில் உடம்பெல்லாம் மென்மையான, ஒரே நீளமான குட்டி முடி. அழகின் உச்சம் இதுதான். போட்டோவாக எடுத்துத் தள்ளுங்கள். இனிமேல் கொஞ்ச காலம் இப்படி இருக்காது.

4 மாதத்துக்கு மேல் முதுகைக் கவனியுங்கள். வாலின் மேல்பக்கத்திலும் முதுகெலும்பு ஓடுகிற இடத்திலும் ஒரு கோடு மாதிரி அடர்ந்த நிற முடி கிளம்பும். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்: பக்கவாட்டில் மெத்தென்று, நடுவில் சற்று முரடாக, சில குட்டிகளுக்கு அலையலையாக. இதுதான் பெரிய நாயின் மேல்முடி. பலர் இதைத் தோல் நோய் என்றோ அழுக்கு என்றோ நினைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கோட்டின் நிறத்தையும் காதின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்திப் போகும். இந்தக் கட்டத்தில் உங்கள் கணிப்பை உறுதி செய்துகொள்ளலாம்.

5-லிருந்து 9 மாதம் வரை நாய் பார்க்க ஒரு மாதிரித்தான் இருக்கும். கால் நீண்டு, முகம் ஒல்லியாகி, முதுகு ஒரு நிறம் விலா ஒரு நிறம் என்று திட்டுத் திட்டாக. வெளிநாட்டு கோல்டன் வளர்ப்பவர்கள் இந்தப் பருவத்தைச் செல்லமாக "அசிங்கப் பருவம்" என்றே சொல்வார்கள். "என்னங்க இது கிராஸா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கப்போவதும் இப்போதுதான். பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், ஆறு மாதம் பொறுங்கள்.

12-லிருந்து 18 மாதத்துக்குள் மேல்முடி உடம்பு முழுக்க வந்துவிடும். அப்புறம் மெதுவாக மார்பிலும், முன்னங்காலின் பின்பக்கத்திலும், தொடையிலும், வாலின் அடியிலும் தொங்கல் முடி நீளும். இது உடம்பைவிட வெளிறித்தான் இருக்கும். முதுகு தேன் நிறமும் தொடை முடி க்ரீமும் என்றால் அது குறை அல்ல, விதிமுறைப்படியே சரி. ஆண் நாய்க்குப் பிடரியும் மார்பும் நிறைய 2, 3 வயது ஆகலாம். நிறமும் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் 1 வயதில் "இதுதான் கடைசி நிறம்" என்று முடிவுகட்ட வேண்டாம்.

மாற்றத்தைப் பதிவு செய்வது எப்படி

செல்போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். டியூப்லைட்டில் எடுத்தால் நாய் வெளிறும், மாலை வெயிலில் எடுத்தால் சிவக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், காலை வேளையில், நேர் வெயில் படாத நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நாய்க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் தெரியட்டும்; எந்தப் படத்தில் வெளிச்சம் மாறியிருக்கிறது என்று அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். மூன்று படம் போதும்: மேலிருந்து முதுகு, பக்கவாட்டில் முழு உடம்பு, காது நெருக்கத்தில். குளிப்பாட்டிய ஈரத்தோடு எடுக்காதீர்கள், ஈர முடி எப்போதுமே அடர்ந்து தெரியும்.

போட்டோவைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. சீப்பில் வரும் முதுகு முடியில் ஒரு சிட்டிகை எடுத்து, சின்னக் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு கவர். இரண்டு வருடம் கழித்து வரிசையாகப் பிரித்து வைத்தால், எந்தக் கேமராவும் காட்டாத மாற்றம் அதில் இருக்கும். சீப்பில் வருவதில் பாதிக்கு மேல், தோலை ஒட்டி வளரும் வெளிறிய உள்முடியாக இருக்கும். நீளமான, வழவழப்பான மேல்முடியை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

முடியைப் பிரித்துப் பாருங்கள்: எது இயல்பு, எது இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். நிறம் மாறியதாகத் தோன்றினால் தூரத்தில் நின்று பார்த்துப் பயன் இல்லை. நாயை வெளிச்சத்தில் படுக்க வையுங்கள். தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் முதுகு முடியை, வளர்ந்திருக்கும் திசைக்கு எதிராக இரண்டு கட்டைவிரலாலும் தள்ளித் தோல் தெரியும்வரை பிரியுங்கள். அடியில் வெளிறிய, பஞ்சு மாதிரியான உள்முடி. அதற்கு மேலே நீண்ட மேல்முடி. அந்த மேல்முடியில் ஒன்றை வேரிலிருந்து நுனிவரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.

வேரில் அடர்த்தி, நுனியில் வெளிறல் என்றால் பயம் வேண்டாம். குட்டியாக இருந்தால் புது முடி கிளம்புகிறது. வளர்ந்த நாயாக இருந்தால் வெயிலில் நுனி வெளுத்திருக்கிறது. மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் பகலெல்லாம் கிடக்கிற நாய், வீட்டுக்குள் வளரும் அதன் உடன்பிறப்பைவிட வெளிறித் தெரிவது இதனால்தான்.

இதற்கு நேர்மாறாக, பாதத்திலும் முன்னங்காலிலும் மட்டும் நுனி துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பாகி, வேரில் பழைய வெளிர் நிறமே இருந்தால் அது எச்சில் கறை. எச்சிலில் உள்ள போர்ஃபிரின் என்ற பொருள் வெளிர் முடியில் இப்படிக் கறையாகப் படியும். "கால் மட்டும் ரெட் ஆகிறது, பெரியதானால் முழுக்க ரெட் ஆகிவிடுமா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். ஆகாது. நாய் தன் காலை விடாமல் நக்குகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒவ்வாமை, விரலிடுக்கில் பூஞ்சைத் தொற்று, உண்ணி, சில சமயம் வெறும் சலிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். விரல்களை விரித்துப் பார்த்து, சிவந்து ஈரமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கறையை வெளுக்க எதையும் தடவாதீர்கள். நக்குவது நின்றால் புது முடி சுத்தமாக வளரும்.

தோலே கறுத்து, தடித்து, யானைத் தோல் மாதிரி சொரசொரப்பாகி, ஒரு புளித்த வாடை அடித்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட் என்ற பூஞ்சையால் வரும் தொற்று. அக்குள், தொடை இடுக்கு, காதுக்கு உள்பக்கம் ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் உள்முடி சரியாகக் காயாமல் இது வருவது அதிகம்.

குட்டியிலேயே சாம்பல் வெள்ளையில் பெரிய பெரிய செதில்கள் உதிர்ந்து, வயிற்றுப் பக்கத் தோல் கறுத்துத் தெரிந்தால் இக்தியோசிஸ் என்ற பரம்பரைத் தோல் பிரச்சினையாக இருக்கலாம். இது கோல்டன்களில் பரவலாகக் காணப்படுவது. பிஎன்பிஎல்ஏ1 என்ற மரபணுவில் வரும் மாற்றம் காரணம். பொடுகு என்று நினைத்து ஷாம்பூ மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உயிருக்கு ஆபத்தானது இல்லை, ஆனால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

நடு வயதில் முடி பொலிவிழந்து, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி மெலிந்து, வால் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகி, சாப்பாடு கூடாமலேயே எடை கூடினால் தைராய்டு குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மாத்திரையில் கட்டுப்படும். கருத்தடை அறுவைக்குப் பிறகும் சில நாய்களுக்கு உள்முடி பெருகிப் புசுபுசுவென்று ஆகி, நிறம் ஒரு சாயல் குறைந்ததுபோல் தெரியும். அது நோய் இல்லை. சீவும் வேலைதான் கூடும்.

வெள்ளைப் புள்ளி, கறுப்புத் திட்டு, மூக்கு

குட்டியின் விரல் நுனியிலோ நெற்றியிலோ சின்ன வெள்ளை இருந்தால், மேல்முடி வரும்போது அது பெரும்பாலும் மறைந்துவிடும். மார்பில் சில வெள்ளை முடிகள் விதிமுறைப்படியே அனுமதி. பெரிய வெள்ளைத் திட்டு மறையாது. கண்காட்சிக்குப் போக நினைப்பவர்களுக்குத்தான் அது பிரச்சினை.

தங்க நிறத்துக்கு நடுவே மை கொட்டியதுபோல ஒரு கறுப்புத் திட்டோடு சில கோல்டன்கள் பிறக்கும். கரு வளரும்போது ஒரே ஒரு செல்லில் நேர்ந்த மரபணு மாற்றத்தால், அந்தச் செல்லிலிருந்து வந்த தோல் பகுதி மட்டும் கறுப்பு நிறமியைத் திரும்ப உற்பத்தி செய்கிறது. வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும், ஒரு கெடுதலும் இல்லை. "கலப்பினம், பாதி விலைக்குத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் தயங்காமல் வாங்கலாம்! ஆனால் வளர்ந்த நாயின் தோலில் புதிதாக ஒரு கறுப்பு மேடு எழும்பினால் அது வேறு விஷயம். தாமதிக்காமல் காட்டிவிடுங்கள்.

கறுத்த மூக்கு ஒரு வயதுக்கு மேல் நடுவில் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வெளிறலாம். குளிர் நாடுகளில் இதைப் பனிமூக்கு என்பார்கள். குளிர் இல்லாத ஊரிலும் வரும், வயதானாலும் வரும். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, மேற்பரப்பை. மூக்கில் இயல்பாக இருக்கும் கரடுமுரடான சின்னச் சின்னக் கட்டங்கள் அழிந்து வழவழப்பாகிவிட்டாலோ, பொருக்கோ புண்ணோ வந்தாலோ, அது நோய் எதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். வெயில் அதை இன்னும் மோசமாக்கும்.

நிறத்தைக் கெடுக்காத பராமரிப்பு

ஏப்ரல், மே வந்தால் "மொட்டை அடித்துவிடலாமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். வேண்டாம். மேல்முடியும் உள்முடியும் சேர்ந்துதான் தோலை வெயிலிலிருந்து காக்கின்றன. ஒட்ட வெட்டினால் திரும்ப வருவது பழைய முடியாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது: சில இடத்தில் பஞ்சு மாதிரி, சில இடத்தில் வேறு சாயலில், சில இடத்தில் மாதக்கணக்கில் வராமலேகூட. அறுவைக்காகவோ புண்ணுக்காகவோ மருத்துவர் மழித்த இடத்தில் முடி அடர் நிறத்தில் முளைப்பதும் உண்டு; அடுத்த சுற்று முடி மாறும்போது சரியாகலாம். வெயிலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் பாதத்தின் அடி முடியையும் வயிற்று அடி முடியையும் மட்டும் குறைத்துவிட்டு, படுக்கக் குளிர்ந்த தரையும் மின்விசிறியும் தண்ணீரும் கொடுங்கள், நடையை விடிகாலைக்கு மாற்றுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் சீவினால் போதும், முடி கொட்டும் பருவத்தில் தினமும். உள்முடியை எடுக்க ரேக் என்ற நீண்ட பல் சீப்பு, மேல்முடிக்கு மெல்லிய கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ். காதுக்குப் பின்னாலும் தொடையிலும் சிக்கு விழும், அங்கே விரலால் பிரித்துவிட்டுச் சீப்பைப் போடுங்கள். குளியல் மாதம் ஒன்றிரண்டு முறை, நாய்களுக்கான ஷாம்பூவில். நுரை போனபிறகும் இரண்டு முறை அலசுங்கள். ஷாம்பூ தங்கினால் முடி மங்கித் தெரியும். ஏரி, குளம், கடல் எங்கே நீந்தினாலும் நல்ல தண்ணீரில் அலசி, தோல்வரை காயவிடுங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரம் தங்கினால் ஒரே இரவில் புண் வைக்கிற அளவுக்கு இந்த இனத்துக்குத் தோல் மோசம்.

சாப்பாட்டால் க்ரீம் நாயைத் தங்கமாக்க முடியாது. புரதமும் தாமிரச் சத்தும் போதாத உணவில் முடி மங்கி முரடாகும், அவ்வளவுதான். தயிர்சாதத்தை மட்டும் போட்டு வளர்த்தால் அது தெரியத்தான் செய்யும். சரிவிகித உணவு கொடுத்துவிட்டால் அதற்குமேல் "கலர் பூஸ்டர்" பவுடர் எதுவும் வேண்டாம். மஞ்சள், மருதாணி, ஹேர் டை பற்றியெல்லாம் கேட்கிறார்கள். நாய் தன் உடம்பை நக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முகம் நரைப்பது

மூக்கைச் சுற்றி, மோவாயில், கண் புருவத்தில் வெள்ளை விழ ஆரம்பிக்கும். பெரும்பாலும் 6, 7 வயதில். சிலதுக்கு 3, 4 வயதிலேயே. பரம்பரைதான் முக்கியக் காரணம். 1-லிருந்து 4 வயது வரையிலான 400 நாய்களை வைத்து 2016-ல் வந்த ஓர் ஆய்வில், பதற்றமும் துடுக்கும் அதிகம் உள்ள நாய்களுக்கு இளநரை கூடுதலாக இருந்தது தெரியவந்தது. ஆனால் நரையைக் கண்டுபிடிக்க முடியாத வெளிர் நிற நாய்களை அதில் சேர்க்கவில்லை. அதனால் உங்கள் கோல்டனின் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்க உட்கார வேண்டாம். பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குகிறதா, தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுகிறதா என்பதைப் பார்ப்பதே மேல்.

ஆவணங்களில் நிறம்

8 வாரத்தில் தடுப்பூசி அட்டையில் "க்ரீம்" என்று எழுதியிருப்பார்கள். 2 வயதில் நாய் செம்பொன் நிறத்தில் இருக்கும். தொலைந்துபோனால் அந்த அட்டையையும் குட்டிப் போட்டோவையும் வைத்து யாரும் அடையாளம் காட்ட முடியாது. முதல் பிறந்தநாளிலும் இரண்டாவது பிறந்தநாளிலும் புதுப் போட்டோ எடுத்து, மாநகராட்சி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதைக் கொடுங்கள். மைக்ரோசிப் பதிவிலும் கென்னல் கிளப் சான்றிலும் நிறத்தைத் திருத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மார்பு வெள்ளை, கறுப்புத் திட்டு போன்ற மாறாத அடையாளம் இருந்தால் நெருக்கத்தில் ஒரு படம் தனியாக எடுத்துப் போனிலேயே வைத்திருங்கள்.